முப்பத்தொரு பேர் வந்த கடை

சத்தத்தைப் போனில் கேட்டே வாஷிங் மெஷினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அவளுக்கு அது வந்தது. பதினான்கு வருஷம் ஒரு மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சேர்த்த வித்தை. "போனைக் கொஞ்சம் மெஷின் பக்கத்துல வையுங்க" என்பாள். அரை நிமிஷம் கேட்பாள். தண்ணீர் இறங்கும்போது கரகரவென்றால் வடிகட்டியில் காசோ பொத்தானோ மாட்டியிருக்கிறது. கடைசிச் சுற்றில் கடகடவென்றால் உள்தொட்டியைத் தாங்குகிற கம்பி தேய்ந்திருக்கிறது. கீச்சென்று இழுத்தால் பெல்ட். ஆபீசில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனாலும் சிக்கலான அழைப்பெல்லாம் எப்படியோ சுற்றிக்கொண்டு அவள் மேஜைக்கே வந்து சேரும்.

பிறகு கம்பெனிக்குப் புத்தி மாறியது. எந்தப் புகார் வந்தாலும் ஒரே காகிதத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும், ஆளை அனுப்புகிறோம் என்று சொல்லி வைக்க வேண்டும், வாய் திறந்து வைத்தியம் சொல்லக் கூடாது என்று உத்தரவு வந்தது. கைக்குழந்தையோடு ஈரத்துணிக் குவியல் நடுவே நின்று அழாத குறையாகப் பேசிய ஒரு பெண்ணிடம், கீழே இருக்கிற மூடியைத் திருகி வடிகட்டியைக் கழுவச் சொன்னாள் டாக்டரம்மா. மெஷின் ஓடியது. இவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், மறுநாள் ராஜினாமாவோடு போனாள்.

அவளுடைய மேலதிகாரி நல்ல மனுஷி. கடிதத்தை வாங்கிக் கொண்டாலும் பேச்சை விட்டுவிடவில்லை. மூன்று மாதம் அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்க மாட்டேன், அதற்குள் மனசு மாறினால் வா, மூன்றாவது மாதக் கடைசி நாளில் நானே கூப்பிட்டுக் கேட்பேன் என்றாள். டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். திரும்பி வருவதில்லை என்று லிப்டில் இறங்கும்போதே முடிவு பண்ணியாகிவிட்டது. சம்பளம் இல்லாத மாதம் எப்படி ஓடும் என்று கணக்குப் போட்டது தரைத்தளத்துக்கு வந்த பிறகுதான்.

அவள் தொடங்கியது ஒரு இணையக் கடை. மெஷினில் கதவுக் கொக்கி உடைந்தால் கம்பெனிகள் முழுக் கதவையே மாற்றச் சொல்கின்றன, நேரம் வைக்கிற திருகு உடைந்தால் பொத்தான்கள் இருக்கிற மேல்பலகை மொத்தத்தையும் விற்கின்றன. உடைந்த அந்தச் சின்ன சாமானை மட்டும் தருகிறவர்கள் யாரும் இல்லை. அது அவளுக்குப் பதினான்கு வருஷமாகத் தெரியும். சிறு பட்டறைகளில் சொல்லி வைத்துக் கொக்கி, திருகு, ரப்பர் வளையம், பெல்ட், வடிகட்டி மூடி என்று வரவழைத்தாள். வாசல் பக்கத்து அறையில் இரும்பு அலமாரி இரண்டு, நூற்றுப்பத்து பிளாஸ்டிக் டப்பா, பொட்டலம் கட்ட ஒரு மேஜை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்க்கிற கணவன் டப்பாக்களுக்கு ஒட்ட அழகான எழுத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமனார் அவற்றை வரிசையாக ஒட்டினார். ஒரு சீட்டுகூடக் கோணலாக இல்லை.

கடை திறந்தது. காற்று வாங்கியது.

ஆள் வரவேண்டுமென்றால் விளம்பரம் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். கொடுத்தாள். பளபளவென்று ஒரு புது வாஷிங் மெஷின் படம், அதன் கீழே 'வாஷிங் மெஷின் சாமான்கள், எல்லாம் ஒரே இடத்தில்' என்று ஒரு வரி. இந்த விளம்பரங்களில் ஒரு ஏற்பாடு உண்டு. யாராவது விரலால் தொட்டுக் கடைக்குள் வந்தால்தான் கடைக்காரர் காசு கட்ட வேண்டும். யார் யார் தொடுகிறார்கள் என்று விளம்பரத்தை நடத்துகிற கணினி பார்த்துக்கொண்டே இருக்கும். பிறகு அவர்களைப் போலவே இருக்கிற ஆட்களைத் தேடிப் பிடித்து அவர்களுக்கும் காட்டும். நல்ல ஏற்பாடுதான், தொடுகிறவர்கள் சரியாக இருந்தால்.

முதல் வாரம் ஒரு நாளைக்கு இருநூறு பேர் வந்தார்கள். முதல் மாதக் கடைசியில் நானூறு. இரண்டாவது மாதம் எழுநூறு. டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசில் யார் எத்தனை அழைப்பு எடுத்தார்கள் என்று சுவரில் ஒரு பலகையில் எழுதுவார்கள். அதையே பார்த்துப் பழகிய கண் இந்த எண்ணையும் அப்படியே பார்த்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவன் "இன்னிக்கு எத்தனை?" என்பான், அவள் சொல்வாள், மாமனார் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அவளுக்கு அப்போது தெரியாது.

விற்பனை மட்டும் வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எழுநூறு பேர் உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, கையை வீசிக்கொண்டு போகிற கடை. கதவை மாற்றிப் பார்த்தாள், அதாவது முதல் பக்கத்தை. விலையைக் குறைத்துப் பார்த்தாள். பத்தாயிரம் பேரை ஒரே நாளில் கொண்டுவருகிறேன் என்று ஒரு விளம்பரத் தரகர் வந்தார். ஆசை யாரை விட்டது? ஒருமுறை அதையும் பார்த்தாள். பத்தாயிரம் பேரும் வந்தார்கள். ஒருத்தர்கூட ஒரு நொடிக்கு மேல் நிற்கவில்லை. மனுஷர்கள்தானா என்பதே சந்தேகம்.

மூன்றாவது மாதத்தில் பாதி போய்விட்டது. மேலதிகாரி கூப்பிட இன்னும் பதினாறு நாள். இப்படியே போனால் அந்தப் போனுக்கு என்ன பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்தது. பழைய நாற்காலி, பழைய ஹெட்போன், கையில் படிக்க ஒரு காகிதம். கஷ்டப்படுகிறவள் குரல் காதில் விழும்போது, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு காகிதத்தைப் படிப்பது, அதற்குப் பதில் தெருவைக் கூட்டலாம் என்று அவளுக்கு இருந்தது.

அன்றைக்குக் காலையில் கணவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு, எண்ணைப் பார்ப்பதை நிறுத்தினாள். கடைக்கு இது என்ன நோய் என்று யாரோ போனில் கூப்பிட்டுக் கேட்டால் நான் என்ன கேட்பேன் என்று யோசித்தாள். அவள் எப்போதும் கேட்பது மூன்றே கேள்வி. சத்தம் எப்போது ஆரம்பிக்கிறது? எப்போது அதிகமாகிறது? எப்போது வரவே இல்லை? ஒரு தாளில் கோடு போட்டு, இரண்டு மாத வருகையையும் நாள் வாரியாக, மணி வாரியாகப் பிரித்து எழுதினாள்.

இரண்டு மணி நேரத்தில் நோய் தெரிந்தது. தினமும் காலை ஆறு நாற்பதுக்கு ஒரு கூட்டம் உள்ளே வருகிறது. ஏழு மணிக்குள் நூற்றைம்பது, நூற்றெண்பது பேர். நான்கு நொடி நிற்கிறார்கள், போய்விடுகிறார்கள். விளம்பரம் கொடுத்த இரண்டாம் நாளிலிருந்து இதே கதை. மற்ற நேரத்தில் வருகிற ஐந்நூறு பேரும் இவர்களுக்கு அண்ணன் தம்பி மாதிரி. அதே நான்கு நொடி, ஐந்து நொடி. சத்தம் வராத நாள் ஒன்றே ஒன்று: போன மாதம் ஒரு புதன்கிழமை. அன்று காலையில் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

அந்தப் புதன்கிழமை என்ன நடந்தது? டாக்டரம்மா நாள்காட்டியை எடுத்துப் பார்த்தாள். முதல் நாள் சாயங்காலம் மாமனாருக்கு இமையில் வந்த கட்டியை எடுத்துக் கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள். மறுநாள் மத்தியானம் வரை போனைத் தொடவே கூடாது என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கணவனுக்குப் போன் போட்டாள். அப்பா தினமும் காலையில் போனில் என்ன செய்கிறார் என்று சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவன் கொஞ்சம் மென்று விழுங்கினான். அப்புறம் பெருமையாகவே சொல்லிவிட்டான். மருமகள் கடைக்கு ஆள் வரவில்லையே என்று அப்பாவுக்குத் தாங்கவில்லை. அவர் பக்கத்துச் சொந்தம், அவள் பக்கத்துச் சொந்தம் எல்லோரையும் சேர்த்துப் போனில் ஒரு குழு ஆரம்பித்துவிட்டார். மொத்தம் அறுபத்திரண்டு பேர். காலை ஆறு நாற்பதுக்கு "எல்லாரும் ஏறியாச்சா?" என்று அனுப்புவார். உடனே அத்தனை பேரும் விளம்பரத்தை ஆளுக்கு மூன்று தடவை தொட வேண்டும். தொட்டவர்கள் "ஏறியாச்சு" என்று பதில் போட வேண்டும். போடாதவர்களை அவர் விடுவதில்லை, கூப்பிட்டுக் கேட்பார். வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா மகன்கூட அலாரம் வைத்து எழுந்து தொடுகிறானாம்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அறுபத்திரண்டு பேர் தினமும் தூக்கம் கலைந்ததும் முதல் வேலையாகத் தன் கடையைத் தொட்டிருக்கிறார்கள். இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்? ஆனால் அந்த அன்புதான் கடையின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. கணினி என்ன கண்டது? தொடுகிறவர்களைப் பார்த்தது, ஓகோ இந்தக் கடைக்கு இப்படிப்பட்ட ஆட்கள்தான் வேண்டும்போல என்று நினைத்தது, ஊரெல்லாம் தேடி இன்னும் ஐந்நூறு அத்தைகளையும் சித்தப்பாக்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. வாஷிங் மெஷின் உடைந்து நிற்கிறவன் கண்ணில் விளம்பரம் படவே இல்லை.

இதை மாமனாரிடம் சொல்ல வேண்டும். அவர் கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை அறை வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். நேருக்கு நேர் கசப்பான விஷயம் பேச அவளுக்கு எப்போதுமே வராது. போனில் என்றால் எப்பேர்ப்பட்ட கோபக்காரரிடமும் பேசிவிடுவாள். கடைசியில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கூடத்தில் இருந்தவருக்குப் போன் போட்டாள்.

"மாமா, நான்தான் பேசறேன்."

"பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டு எதுக்கும்மா போன்?"

"நேர்ல வந்தா எனக்கு வார்த்தை வராது மாமா. காலைல எல்லாரும் ஏறியாச்சான்னு அனுப்பறீங்கள்ல, அதை இனிமே நிறுத்தணும்."

கூடத்தில் செய்திச் சத்தம் நின்றது. "தப்பாயிடுச்சா?" என்று கேட்டார். குரல் சின்னதாகிவிட்டது.

"உங்க மேல தப்பு இல்ல. அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாசம் புரியல. நம்ம ஆளுங்க தொடறதப் பாத்துட்டு, வேடிக்கை பாக்கறவங்களாவே தேடிக் கூட்டிட்டு வருது."

மாமனார் நீளமாக மூச்சு விட்டார். முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அப்ப ரெண்டு மாசமா சும்மா சுத்திப் பாக்கறவங்கள ஏத்தி வண்டிய நிறைச்சிருக்கேன். அவசரமா ஊருக்குப் போறவன் ஸ்டாப்புல நிக்கறான். அதானேம்மா?"

"அதான் மாமா."

அன்று சாயங்காலம் குழுவில் அவர் ஒரே ஒரு செய்தி அனுப்பினார்: 'வண்டி டிப்போவுக்குப் போகிறது. எல்லாரும் இறங்கவும்.' ஊரே கொந்தளித்தது. நாத்தனார் போன் போட்டு, ஒருநாள்கூடத் தவறாமல் மூன்று தடவை தொட்டேனே, நான் என்ன குறை வைத்தேன் என்று மூக்கை உறிஞ்சினாள். அவளைச் சமாதானப்படுத்த அரை மணி நேரம் ஆனது.

மறுநாள் டாக்டரம்மா பழைய விளம்பரத்தை மொத்தமாகத் தூக்கிப் போட்டாள். பளபள மெஷின் படமும் போயிற்று. புது மெஷின் வாங்க ஆசைப்படுகிறவர்கள்தான் அதைத் தொட்டிருக்கிறார்கள், உடைந்த மெஷினோடு மல்லுக்கட்டுகிறவன் புது மெஷின் படத்தை ஏன் தொடப் போகிறான்? உடைந்த ஒரு கதவுக் கொக்கியைத் தன் உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்தாள். கையில் கறை இருந்தது. அப்படியே விட்டாள். கீழே எழுதுவதற்கு அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. பதினான்கு வருஷம் ஜனங்கள் போனில் சொன்னதே காதில் இருந்தது. அதை அவர்கள் சொன்னபடியே எழுதினாள்:

'தண்ணி இறங்கும்போது கரகரன்னு சத்தமா? கடைசில சுத்தும்போது மெஷினே நடக்குதா? கதவைச் சாத்தினா தானா திறந்துக்குதா? எது உடைஞ்சிருக்குன்னு சொல்றோம். அந்த ஒரு சாமானை மட்டும் தர்றோம். உங்க மெஷின் நல்லா ஓடினா இதைத் தொட வேண்டாம்.'

கணவன் அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தடவினான். "உள்ள வராதேன்னு சொல்ற கடைய நான் பாத்ததே இல்ல" என்றான்.

"தேவைப்படறவங்க வரட்டும். போதும்" என்றாள்.

அன்றைக்கு வந்தவர்கள் முப்பத்தொரு பேர். எழுநூறு எங்கே, முப்பத்தொன்று எங்கே. கணவன் கடை கெட்டுப்போய்விட்டதோ என்று தன் போனில் இரண்டு முறை திறந்து பார்க்கப் போனான். தொடாதீர்கள் என்று அவள் போட்ட அதட்டலில் கையை எடுத்துவிட்டான். ஒன்றும் விற்கவில்லை. ஆனால் டாக்டரம்மா இப்போது எண்ணைப் பார்க்கவில்லை, நேரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் நின்றிருக்கிறார்கள். ஒருத்தர் பதினோரு நிமிஷம், அதுவும் பெல்ட்டுகள் இருக்கிற பக்கத்தில் மட்டும். இது தன் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு அளவு பார்க்கிறவனின் பதினோரு நிமிஷம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவ்வளவு சந்தோஷமாக அவள் அந்த மூன்று மாதத்தில் இருந்ததில்லை.

மூன்றாம் நாள் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பம்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சரிதானா என்று கேட்டு மெஷின் சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்பியிருந்தார். கடையிலேயே விலை கூடின சாமான் அது. டாக்டரம்மா கண்ணை மூடிக் கேட்டாள். கரகர, நடுவே ஒரு டிக். பம்பு வேண்டாம், கீழ் மூடியைத் திறந்து வடிகட்டியைப் பாருங்கள், சட்டைப் பொத்தான் இருக்கும் என்று பதில் எழுதினாள். கால் மணி நேரத்தில் பொத்தானின் படம் வந்தது. நீல நிறம். கூடவே கைகூப்பிய படம் ஒன்று.

கணவனுக்குத்தான் மனசு ஆறவில்லை. வந்ததே முப்பது பேர், அதிலும் காசோடு வந்தவரை வாங்காதே என்று அனுப்பிவிட்டாளே என்று ராத்திரி முழுக்க முனகினான். அவளுக்கும் கொஞ்சம் பயம்தான். இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஆனாலும் பொய் சொல்லி ஒரு பம்பை விற்றுவிட்டு உட்கார்ந்திருக்க அவளால் முடிந்திருக்காது. அதற்குப் பழைய வேலையிலேயே இருந்திருக்கலாம்.

வாத்தியார் சும்மா இருக்கவில்லை. தன் குடியிருப்புக்காரர்களிடம் பொத்தான் கதையைச் சொல்லிவிட்டார். மறுநாள் அதே கட்டடத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். நான்கு கதவுக் கொக்கி, ஒரு ரப்பர் வளையம். கணினி இந்த முறையும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. வாங்கினவர்களைப் பார்த்தது, அவர்களைப் போன்றவர்களைத் தேடப் போனது. அடுத்த வாரம் ஒரு நாளைக்கு முப்பத்தைந்து பேர், நாற்பது பேர். அதில் பத்துப் பேர் வாங்கினார்கள், ஒருநாள் பதினேழு பேர். சலவைக் கடைக்காரர் ஒருவர் ஆறு மெஷினுக்கும் சேர்த்துப் பெல்ட் கேட்டார். பொட்டலம் கட்டுகிற மேஜை போதாமல் கூடத்து மேஜைக்கும் வேலை பரவியது. மாமனார் முகவரிச் சீட்டு ஒட்டினார். வழக்கம்போல ஒன்றுகூடக் கோணல் இல்லை.

சொன்னபடி கடைசி நாள் பகல் பதினோரு மணிக்கு மேலதிகாரியின் போன் வந்தது. டாக்டரம்மா ஒரு கையில் ஒட்டு நாடாவோடு எடுத்தாள். சௌக்கியம் விசாரித்துவிட்டு மேலதிகாரி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"நாற்காலி அப்படியேதான் இருக்கு. இப்ப உன் கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க?"

முன்பென்றால் எழுநூறு என்று சொல்லியிருப்பாள், சொல்லும்போதே உள்ளுக்குள் ஏதோ இடித்திருக்கும். "நாப்பது பேர் மேடம்" என்றாள்.

"இங்க மத்தியானத்துக்குள்ளயே நீ அதைவிட அதிகம் பேர்கிட்ட பேசுவியே."

"பேசுவேன் மேடம். ஆனா அவங்களுக்கு ஒண்ணும் செய்ய விடமாட்டீங்க. இங்க நாப்பது பேர் வந்தா நாப்பது பேர் மெஷினும் ஓடுது. பாதிக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமே வாங்காம ஓட வெச்சுக்கறாங்க. மறுபடி ஏதாவது உடைஞ்சா எங்க வரணும்னு அவங்களுக்குத் தெரியும்."

பேசி முடித்ததும்தான் தன் குரல் எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது என்று அவளுக்கே கேட்டது. இப்போதும் வாரத்துக்கு நாலு பேராவது கூப்பிட்டு, சத்தம் கேட்டுச் சொல்கிற அம்மா இல்லையா என்று கேட்கிறார்கள், அதனால்தான் நாற்காலியை யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை என்றாள் மேலதிகாரி. டாக்டரம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெருமையாக இருந்தது, ரொம்பப் பெருமையாக இருந்தது, அதை மறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"அந்த நாற்காலிய வேற யாருக்காவது குடுத்துடுங்க மேடம்" என்றாள். "நான் வரல."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மாமனார் ஒட்டாத சீட்டைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னம்மா சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை, எல்லாமே காதில் விழுந்திருந்தது. "அடுத்த முகவரியச் சொல்லும்மா" என்றார். அவள் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.